கல்லுக்குக் கீழே இரண்டடி

சண்முகத்தாயை ஊரில் பலரும் கல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். காமயகவுண்டன்பட்டிக்குத் தெற்கே போகிற வாய்க்காலின் அடியில், நூறு அடிக்கு ஒன்றாகப் பட்டைக்கல் பதித்திருக்கும். எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் பதித்தானோ! வருசத்துக்கு ஒருமுறை தூர் எடுக்கும்போது, அந்தக் கல் கண்ணில் படுகிற வரைக்கும்தான் மண்ணை வெட்டலாம். அதற்குக் கீழே போனால் பள்ளம் விழும், வருகிற தண்ணீர் அங்கேயே படுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் முன்னால் போய், மம்பட்டியால் தட்டிப் பார்த்து, "இந்தா, கல்லு தெரிஞ்சிருச்சு, போதும்" என்று குரல் கொடுக்கிறவள் சண்முகத்தாய். கல்யாணமாகி வந்ததிலிருந்து முப்பத்திரண்டு தடவை அப்படிக் குரல் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கென்று இருந்தது கடைமடையில் நூறு குழி வயல், அரை ஏக்கருக்குச் சற்றே கூட. புருசன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம். மகள் உமாதேவி திருப்பூரில் குடும்பம் நடத்துகிறாள், "வந்து எங்களோட இரும்மா" என்று போனில் சலிக்காமல் கூப்பிடுகிறாள். இவள் போகமாட்டாள். ரேஷன் அரிசியை வாங்கி வந்து கோழிக்குப் போடுவாள். "நான் வெளைய வச்சதத்தான் நான் திம்பேன்" என்பாள். திமிர்தான், வேறென்ன. ஆனால் அந்தத் திமிரைத் தவிர அவளிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

தூர் எடுப்புக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அந்த வாய்க்கால் வழக்கம். நூறு குழிக்காரியும் ஓர் ஆள், பன்னிரண்டு ஏக்கர்காரரும் ஓர் ஆள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! அந்தப் பன்னிரண்டு ஏக்கர், தலைமடையில் ராஜமணியுடையது. தேனி பஜாரில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். இங்கே மேட்டில் திராட்சைத் தோட்டமும் தென்னையும் போட்டிருந்தார். வாய்க்கால் கரையிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கிணறு, அதிலிருந்து மேட்டுக்குப் பைப். பாசன சங்கத்துக்குத் தலைவரும் அவரேதான். கடைமடைப் பெண்கள் அத்தனை பேரும் கவாத்துக்கும் கொத்து அறுப்புக்கும் அவர் தோட்டத்துக்குத்தான் கூலிக்குப் போக வேண்டும். சண்முகத்தாய் ஒருத்திதான் போவதில்லை, இடுப்புவலிக்காரி.

எல்லா வருசமும் அவர் வீட்டு ஆளாகத் தோட்டக்காரன் கோட்டைச்சாமி வருவான். போன வருசம் அவரே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மம்பட்டியோடு சகதியில் இறங்கிவிட்டார். அடேயப்பா, என்ன சந்தோசம் ஊருக்கு! "மொதலாளியே எறங்கிட்டாக!" என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். மத்தியானம் அத்தனை பேருக்கும் கோழி பிரியாணி.

தூர் எடுப்பு அவர் கிணற்றுக்கு நேராக வந்ததும் சண்முகத்தாய் வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். ராஜமணி நிமிர்ந்து சிரித்தார்.

"இங்கன மட்டும் இன்னும் ரெண்டடி எடுப்பமேக்கா. தலமடையில ஆழம் இருந்தா தண்ணி வேகமா எறங்கும்ல. கடமடைக்காரகளுக்குத்தான் நல்லது. நீ சொன்னாத்தான் இவுக வெட்டுவாக."

முட்டி வரைக்கும் சகதி அப்பிய முதலாளி, இத்தனை பேர் முன்னால், 'நீ சொன்னாத்தான்' என்கிறார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடாது என்று தெரியாதா அவளுக்கு? தெரியும். தெரிந்துதான் சொன்னாள்: "சரி, வெட்டுங்கப்பா."

ஐம்பதடி நீளத்துக்கு இரண்டடி ஆழம் கூடியது. பிரியாணி சாப்பிட்ட தெம்பில் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

நாற்று நட்டு, மூன்று மாதம் முறைத்தண்ணீர் எப்படியோ வந்தது. அணையில் தண்ணீரைக் குறைத்ததும் சாயம் வெளுத்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடைக்குச் சொட்டுக்கூட வரவில்லை. சண்முகத்தாய் வாய்க்கால் கரையோடு தலைமடைப் பக்கம் நடந்தாள். ராஜமணி கிணற்றுக்கு நேராகத் தண்ணீர் குளம்போலத் தேங்கி நின்றது. கரைக்குள் கசிந்து கசிந்து கிணறு ததும்பியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தன் வாயால் வெட்டச் சொன்ன பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ராஜமணியிடம் போய்க் கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை.

"நீதானக்கா வெட்டச் சொன்ன? ஊரே சேந்து செஞ்ச வேல. இப்ப எம்மேல பழியப் போட்டா எப்பிடி?"

அதற்கு மறுவாரம் அவர் ஒரு கல்யாணத்துக்கென்று குடும்பத்தோடு வெளியூர் போனார். சண்முகத்தாய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கரையில் குவிந்து கிடந்த மண்ணையே இழுத்து இழுத்துப் பள்ளத்தில் தள்ளினாள். மூன்று பகல். இடுப்பு கழன்றுவிட்டது. கோட்டைச்சாமி பார்த்தான், தடுக்கவும் இல்லை, ஒரு கை பிடிக்கவும் இல்லை. கடைமடையிலிருந்து கூலிக்குப் போகிறவர்களும் அந்தக் கரையோடுதான் போனார்கள், தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

நாலாம் நாள் தண்ணீர் கடைமடைக்கு வந்தது. கடைமடையின் பன்னிரண்டு வயலும் நனைந்தன. அடுத்த வயல்காரி கஸ்தூரியம்மாள் ஓடி வந்து, சண்முகத்தாய் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். "மகராசி! நீ இல்லேன்னா எங்க பயிரு கருகியிருக்கும் மதினி!" என்று கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராஜமணி திரும்பி வந்து சங்கக் கூட்டம் போட்டார். ஒரு சத்தம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மூடிய பள்ளத்தை இந்தப் போகம் முடிகிற வரை தோண்டமாட்டேன், எல்லார் வயலும் விளையட்டும் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று. சங்க வாய்க்காலைச் சண்முகத்தாய் தன்னிஷ்டத்துக்கு மூடினாள், அவள் வயலுக்குப் பாய்கிற மடையை ஒரு வருசத்துக்கு அடைக்க வேண்டும் என்று எழுதிய தாளில் கடைமடைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினொரு பேர் போட்டார்கள். முதல் கையெழுத்து கஸ்தூரியம்மாளுடையது.

மறுநாள் கொத்தனார் வந்து சண்முகத்தாய் வயல் மடையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனான். அவள் கஸ்தூரியம்மாள் வயல் வரப்பில் போய் நின்றாள். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவள் அன்றைக்குக் கெஞ்சினாள்.

"கஸ்தூரி, நடு வரப்ப ஒரு சாண் வெட்டி விடு தாயி. ஓ வயலு ரொம்பி வழியிற தண்ணிதான? ரெண்டே நனப்புப் போதும், பயிரு பொழச்சுக்கிரும்."

கஸ்தூரியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்கன கோட்டச்சாமி பாத்துக்கிட்டு நிக்கிறான் மதினி. நாளைக்கு என்னையத் தோட்டத்துக்கு வராதன்னு சொல்லிட்டாக, நான் எங்க போவேன்? நீ ஒத்தக்கட்ட, எப்பிடியும் பொழச்சுக்குவ."

சண்முகத்தாய் திரும்பி நடந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் எனக்கே மனசு ஆறியிருக்கும்.

பதினொரு வயலும் கதிர் முற்றித் தலை சாய்ந்தன. நடுவில் அவள் வயல் மட்டும் விறைத்து நின்றது. கதிரை உருவிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, அத்தனையும் பதர். அறுப்புக் கூலிக்குக்கூடத் தேறாது என்று ஊர் மாடுகளை அதில் மேய விட்டாள்.

அறுப்பு முடிந்த வாரம், மத்தியான வேளையில் கஸ்தூரியம்மாள் வந்தாள். முந்தானையால் மூடிய ஓர் ஓலைப்பெட்டி நிறையப் புது அரிசி. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"புதுசு குத்துனேன் மதினி. உன்னால வெளைஞ்சது. உனக்குக் குடுக்காம எங்க வீட்டுல ஒல வைக்க மனசு வரல."

அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி அவள் மூஞ்சியில் விசிறியிருக்க வேண்டாமா? நான் எதிர்பார்த்தது அதைத்தான். சண்முகத்தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கஸ்தூரியம்மாள் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். உள்ளே வந்து, கொதிக்கிற பானையை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறு பானையில் உலை வைத்து, புது அரிசியைக் களைந்து போட்டாள்.

சோறு ஆவி பறக்க வட்டிலில் விழுந்தது. உப்புக்கூடப் போடாமல் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். தித்தித்தது. இன்னொரு கவளம் எடுத்தாள். நல்ல சோறு, பழுதே சொல்ல முடியாத சோறு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, பெற்றவளைப் பறிகொடுத்த பிள்ளைபோல அழுதாள்.