குளிக்கப் போன நாடு

எங்கள் வீடு கேரளத்தில் இருக்கிறது, தோப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. பெருமாட்டிக்குக் கிழக்கே எங்களைப் போல நிறையப் பேர் உண்டு. காலையில் பல் தேய்த்துக்கொண்டே மாநிலம் தாண்டிப் போய் மோட்டாரைப் போட்டு, அங்கேயே வாய் கொப்பளித்துவிட்டு, காப்பி குடிக்க இந்தப் பக்கம் வந்துவிடுவேன். வரப்போரம் ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அப்பா அதன்மேல் துண்டு காயப்போடுவார். அண்ணன் அதில் அரிவாள் தீட்டுவான். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகள்தான் நிற்கும், நாங்கள் நிற்க மாட்டோம். கைலி கட்டித் தோளில் துண்டு போட்டவனை எந்த ஊர் போலீஸும் வெளியூர்க்காரன் என்று நினைப்பதில்லை. இந்த நம்பிக்கைதான் என் அண்ணனை மாட்டிவிட்டது.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். அந்தத் தடவை பொள்ளாச்சிப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து நூல் ஏற்றிக்கொண்டு பங்களாதேஷ் எல்லைக்குப் போனான். அந்த எல்லைக்கு அவன் போவது அதுதான் முதல் தடவை. லோடு ஏற்றும்போது இரண்டு நாடுகளும் பேசிக்கொண்டுதான் இருந்தன. லாரி பாதி வழி போவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர்கள் நூல் சாலை வழியாக வரக்கூடாது என்றார்கள், இவர்கள் வேறு எதுவோ வரக்கூடாது என்றார்கள். ஒரே கூட்டமைப்பில் இருக்கிற நாடுகள், எப்போதாவது மேடையில் வரிசையாகக் கைகோத்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். அந்தப் போட்டோவை நான் நிறைய கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அவர்கள் சண்டைக்கு நடுவில், ஒரு வயல்காட்டில், எங்கள் அண்ணன் ஓட்டிய லாரி நின்றது.

ஒரு நாள் காலையில், கூடப் போயிருந்த இரண்டாவது டிரைவர் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, உங்கொண்ணன் உங்குளுக்குக் கூப்புட்டாருங்களா?"

"உங்க பக்கத்து சீட்ல இருந்தவரத் தொலச்சுப்போட்டு என்னையக் கேக்கறீங்க?"

"குளிச்சுட்டு வாறேன்னு சோப்பு டப்பா எடுத்துட்டுப் போனாருங்க. போனக்கூட வண்டீலயே வெச்சுட்டாரு. இன்னும் காணமுங்க."

"எங்கொண்ணன் குளிச்சா அப்பிடித்தானுங்க. கொளம் வத்துனாத்தான் வருவாப்ல."

அவர் சிரிக்கவில்லை. "கொளம் அக்கட்டால இருக்குதுங்க தம்பி."

"எதுக்கு அக்கட்டால?"

"எல்லைக்கு. அது அந்த நாட்டுக் கொளமுங்க."

வேலி இல்லாத இடமாம். வெறும் கல்தான் நட்டிருந்ததாம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எதிர் வயலில் மாடு மேய்த்தவர் வந்து சொல்லியிருக்கிறார். நம் பக்கத்துப் படைக்காரர்களிடம் விஷயம் போய்விட்டது. அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"பொழுதுக்குள்ள அவிய கேம்ப்புக்காரரு கொடி புடிச்சு வந்து இவியகூடப் பேசிக் குடுத்துட்டாங்கன்னா ஊட்டுக்கு வந்துருவாருங்க. அக்கட்டால போலீஸ் டேசன்ல ஒப்படச்சுட்டாங்கன்னா அப்பறம் கேசு, கோர்ட்டு, செயிலு. தண்டன முடிஞ்சும் வர முடியாமக் கெடக்கறவீங்க இருக்கறாங்களாமுங்க. ரண்டு பேருக்கும் பேச்சு நல்லா இருந்தாப் பரவால்லீங்க. இப்ப சரியில்லீங்களே."

அண்ணி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரி எதையும் நான் அந்த வீட்டில் சொன்னதும் இல்லை.

"உங்க வெளயாட்டுக்கு ஒரு அளவே இல்லீங்களா தம்பி" என்றார், நிமிராமலே. டிரைவர் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த மிளகாய் கையிலேயே இருந்தது.

அப்பா பஞ்சாயத்து மெம்பருக்கு போன் போட்டார். மெம்பர் கலெக்டரைப் பார்க்கச் சொன்னார். "எந்தக் கலெக்டருங்க?" என்றார் அப்பா. "ஊடு பாலக்காட்டுல, லாரிக்கு ரிஜிஸ்டர் கோயமுத்தூர்ல, லோடு பொள்ளாச்சீல, ஆளு வெளிநாட்டுல. நா எங்கீங்க போறது?" மெம்பர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணி டிவியைப் போட்டார். இரண்டு நாட்டு அதிகாரிகளும் எங்கோ ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சத்தமாகச் செய்தி வாசித்தார்கள், ஆனால் அண்ணி செய்தியைக் கேட்கவில்லை. முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளு சிரிக்கறானுங்களே தம்பி, நல்லதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்கண்ணி."

"அக்கட்டால இருக்கறவன் சிரிக்கிலீங்களே."

வேறு நாளாக இருந்தால் அவனுக்குப் பல்வலி என்று சொல்லியிருப்பேன். அவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தால்கூட அது எதற்கென்று யோசித்தோம். அதுவரை அந்த மனிதர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் புருவத்தில் எங்கள் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் என் போனில் வீடியோ கால் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தால் அண்ணன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் குளிக்கக் கட்டிய துண்டு, மேலே யாரோ கொடுத்த பெரிய சட்டை. பக்கத்தில் சீருடையில் அந்த நாட்டு அதிகாரி ஒருவர். அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது, தினமும் கூப்பிட்டுத் திட்டுவதால்.

"டே தம்பி, குளிக்கத்தான்டா வந்தேன்" என்றான். "கல்லப் பாத்தேன். நம்மூட்டுக் கல்லாட்டவே இருந்துது. தாண்டுனா என்னன்னு வந்துட்டேன். என்ன கேக்கறாங்கன்னே தெரியிலடா."

அதிகாரி போனை வாங்கி ஹிந்தியில் கேட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி உண்டு. ஆனால் அந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் நான் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டிருந்தேன். அவர் வங்காளத்தில் கேட்டார். தோப்பில் வேலை செய்கிறவரிடமிருந்து வங்காளம் கொஞ்சம் பொறுக்கியிருந்தேன், சோறு பற்றியும் வீடு பற்றியும் நாலு வார்த்தை, மீதியெல்லாம் கெட்ட வார்த்தை. நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

"பாத் கேயேசோ?"

சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், ஒரு ராணுவ அதிகாரியை, என் அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறவரை. அவர் என்னையே பார்த்தார். பின்னால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தோப்புல இருக்கறவர்கிட்டக் குடுங்க தம்பி" என்றார் அண்ணி. அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். படம் உறைவதும் வருவதுமாக இருந்தது.

தோப்பில் இருந்தவருக்கு மேற்கு வங்கத்தில் மால்டா பக்கம் ஊர். என்னைவிட மூத்தவர். வங்காளத்தில் அண்ணனை தாதா என்பார்களாம். காற்றடித்தால் சாய்கிற உடம்பை வைத்துக்கொண்டு தாதாவா என்று சிரித்து, அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் போனில் இருந்த சீருடையைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"நா பேசல தம்பி."

"தாதா, அண்ணன் உள்ள மாட்டிட்டு இருக்கறான். நம்ம லாரிக்காரன்னு சொல்லு, போதும்."

"நா பேசினா நம்மள பிடிப்பான். எங்க சித்தப்பா பையன், வேற ஊர்ல வேல. பஸ்ல போன்ல பேசினான், அம்மாகிட்ட. பேச்சு கேட்டு போலீஸ் பிடிச்சான். நீ பங்களாதேஷ் சொன்னான். கார்டு காட்டினான், கேக்கல. ஒரு மண்டபத்துல வெச்சான். அவன் இந்தியா தம்பி. நா இந்தியா."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் போனை நீட்டிக்கொண்டே நின்றேன். போனுக்குள் அதிகாரி யாரிடமோ ஏதோ சொல்ல, அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். எங்கோ கூட்டிப்போகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, காமிரா தென்னை மரத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடித்தார். "மொகத்தக் காட்ட வேண்டாமுங்க. எங்க போன்தானுங்க, உங்குளுது இல்லீங்க. சத்தம் மட்டும் குடுத்தாப் போதுமுங்க."

தாதா மரத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். உரித்த மட்டையின்மேல் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. காடி என்றார், லாரிதான். சுதோ என்றார், அது நூல். புகூர் என்றார், அது குளம். அப்புறம் வேகமாகிவிட்டது, எனக்கு எட்டவில்லை. அதிகாரி ஒரு தடவை சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதுக்குத்தானா என்று இந்தத் தடவை அண்ணி கேட்கவில்லை.

சிரித்துவிட்டு அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். "பாரி கொத்தாய்?" வீடு எங்கே. அது எனக்குத் தெரியும். தாதா சட்டென்று நிறுத்திவிட்டார். "மால்டா, சார்" என்றார் கடைசியில். அதிகாரி சந்தோஷமாக ஏதோ சொன்னார். கால் முடிந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உன் பேச்சு எங்க பக்கம் பேச்சு மாதிரியே இருக்கு சொன்னார்." அதைச் சொல்லும்போதே அவர் நாலு பக்கமும் பார்த்தார். "அண்ணன போலீஸ்ல குடுக்கல. இந்தியா கேம்ப் வந்தா பேசுறேன் சொன்னார்."

அதற்குப் பிறகு வந்த நேரம்தான் மோசம். பேசுகிறேன் என்றவர் பேச விரும்பினாலும் அவருக்கு மேலே உள்ளவர் விட வேண்டும். அவருக்கு மேலே டிவியில் சிரிக்காத அந்த ஆள் இருந்தான். அண்ணி டிவியை அணைத்துவிட்டார். அப்பா எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்துவிடுமோ என்றும் அடிக்காமலே போய்விடுமோ என்றும் பயந்துகொண்டிருந்தேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அடித்தது. இரண்டாவது டிரைவர்தான்.

"குடுத்துட்டாங்க தம்பி" என்றார். கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கத்துக்காரர்களும் கொடி பிடித்து வந்து, மேசை போட்டு, கையெழுத்துப் போட்டு, கை குலுக்கிக்கொண்டார்களாம். "சோப்பு டப்பாவயுங்கூடக் குடுத்துட்டாங்க."

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செய்தி தெரிந்து அக்கம்பக்கத்தில் இருந்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா எல்லாருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார். தாதாவையும் தோப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து ஓரமாக நின்றார். நான்தான் கதை சொன்னேன். சோறு சாப்பிட்டாயா என்று அதிகாரியைக் கேட்டதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் தாதாவைப் பார்த்தார்.

"அந்த ஆபீசர்கூட மாமன் மச்சானாட்டப் பேசுனானாமா?"

"பாஷ ஒண்ணுதானுங்களே" என்றேன்.

"பாஷ ஒண்ணு. ஆளு?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். தாதா எங்கள் தோப்புக்கு வந்த நாளிலிருந்து அவரை டே என்றுதான் அப்பா கூப்பிடுவார். திட்டினாலும் அதுதான், சோறு போட்டாலும் அதுதான்.

"ஏனுங்க" என்றார் அப்பா. "உங்குளுக்கு ஊரு எதுன்னு சொன்னீங்க?"

அந்த மரியாதையைக் கேட்டதும் தாதாவின் முகம் மாறியது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தான் தங்கியிருந்த மோட்டார் ரூமுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அடையாள அட்டை இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய் நீட்டினார்.

"அட, அதெல்லாம் எதுக்குங்க" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே வாங்கி, முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எங்கப்பாகிட்ட இத்தன மரியாத நானே வாங்குனதில்ல தாதா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி உள்ளே போய்விட்டார்.

அண்ணன் ஊர் வந்து சேர்ந்தான். வந்ததும் தோப்புக்குப் போய் தாதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். தாதா சிரித்தார், ஆனால் கையை உருவிக்கொள்ளவே பார்த்தார். ஊருக்குப் போய்விட்டு வாயேன் என்று அண்ணன் சொன்னதற்கு, இப்போது போனால் ஓடிவிட்டான் என்று சொல்வார்கள் என்றார்.

அதற்கு முன்னால் தாதா தேங்காய் உரிக்கும்போது எப்போதும் ஸ்பீக்கரில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். அவர் மகள் அந்தப் பக்கம் பாட்டுப் பாடுவாள், ஆடு கத்தும், அவர் மனைவி திட்டுவார். தோப்பு முழுக்க மால்டாவாக இருக்கும். நான் நடுவில் புகுந்து கெட்ட வார்த்தை சொல்லித் திட்டு வாங்குவேன்.

போன வாரம் மோட்டார் நிறுத்தப் போனேன். தாதா தலை குனிந்து உரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், திரையில் அவர் மகள் படம். பாதைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை மட்டைக் குவியலுக்கு அடியில் வைத்தார். அது உள்ளேயிருந்து அடித்துக்கொண்டே இருந்தது.

"எடு தாதா, புள்ள கூப்புடறா" என்றேன். "இங்க யாரு இருக்கறா?"

அவர் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"நீ இருக்கே தம்பி."