சந்தேகம் மாமா வாங்கிய சைக்கிள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு டெப்போவில் வைத்த பெயர் சந்தேகம். வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவ்வளவு பொருத்தம். பேருந்துகளின் பிரேக்கைச் சோதித்து வெளியே அனுப்புவது அவர் வேலை. டெப்போவுக்குள் ஒரு சரிவு உண்டு. ஒவ்வொரு வண்டியையும் அதில் இறக்கி நிறுத்திப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்வார். ஓட்டுநர்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. "பெடல் மெத்துனு இருக்கு. போகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். மெத்தென்று இருந்தால் அது செத்த பிரேக், கல் மாதிரி இருந்தால்தான் பிரேக். இதுதான் அவருடைய மொத்தப் படிப்பும்.

வீட்டிலும் இதே கூத்துதான். நான் அவர்களோடு இருப்பவள், அனுபவித்துச் சொல்கிறேன். கேஸை மூடினாயா என்று கேட்பார், மூடினேன் என்றால் தானும் போய்த் திருகிப் பார்ப்பார். நான் சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் போட்டுக்கொள்வார். "விஷமெல்லாம் இல்ல மாமா, தைரியமா சாப்பிடுங்க" என்பேன். காதில் வாங்க மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் அவருடைய ஆறு வயது மகள் சைக்கிள் கேட்டாள். நாங்கள் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அக்கா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை பார்க்கிறவள். தினமும் ஏதாவது ஒரு பிள்ளையின் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் சைக்கிளுக்குச் சம்மதிப்பாளா? போதாக்குறைக்கு எங்கள் தெரு ஓர் இறக்கம். மேலே எங்கள் வீடு, கீழே லாரிகள் போகிற சாலை. வாலு சாப்பிடாமல் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அக்கா இறங்கி வந்தாள்.

"வாங்குங்க. ஆனா அந்தச் சைக்கிள்ல ஏதாவது கோளாறுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே அது வெளியே போயிடும். யாரும் அழுதுக்கிட்டு என்கிட்ட வரக் கூடாது."

வாலு தலையை ஆட்டினாள். அவள் அதை மனப்பாடமே செய்துகொண்டாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடையில் மாமா செய்த அழும்பைச் சொல்லி மாளாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கம்பி ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டினார். செயின் மூடிக்குள் விரலை விட்டு ஆராய்ந்தார். கடைக்காரப் பெண் பொறுமைசாலி. வாலுவை ஒரு சின்னச் சைக்கிளில் உட்கார வைத்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"இந்த உயரம்தான் சரி சார்."

"வளர்ற பிள்ளை. அடுத்த சைஸ் எடுத்தா என்ன?"

"வளர்ற வரைக்கும் விழுந்துக்கிட்டே இருக்கட்டுமா மாமா?" என்றேன். முறைத்தார், ஆனால் சின்னதையே எடுத்தார்.

பிறகு பிரேக்கைப் பிடித்தார். முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, பஞ்சு மாதிரி இருக்கு. பாதி தூரம் உள்ள வந்துதான் பிடிக்குது."

"பிள்ளை கைக்கு வச்சிருக்கேன் சார். பிரேக் லீவரை ஹேண்டில் பக்கத்துல கொண்டு வந்திருக்கேன்."

"பிரேக்னா எல்லாருக்கும் பிரேக்தான்" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்தார். லீவரை ஹேண்டிலிலிருந்து தள்ளி வெளியே வைத்தார். பிரேக் கம்பியை இழுத்து முறுக்கினார். தொட்டவுடன் பிடித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, தன் கையால் அழுத்தினார். ஆணி அடித்ததுபோல நின்றது. "இப்பதான் இது வண்டி" என்று கையைத் துடைத்துக்கொண்டார். நானும் சும்மா இருந்தேன். பிரேக்கைப் பற்றி அவரிடம் வாய் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

வாலு வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பழகினாள். சமதளம்தானே, நிற்க வேண்டுமென்றால் காலை ஊன்றினாள். பிரேக்கை அவள் தொடவே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாமா சொன்னார்: "இறக்கத்துல விட்டுப் பார்த்துடணும். அப்பதான் பிரேக் தெரியும்."

"அக்கா வந்துடட்டும் மாமா."

"அவ வந்தா விட மாட்டா. நான் கீழ நிக்கிறேன். கையைத் தூக்கினதும் வாலு பிரேக் பிடிக்கணும், அவ்வளவுதான்."

டெப்போ புத்தி. ஆறு வயதுப் பிள்ளையும் அவருக்கு ஒரு பேருந்து. நான் மேலே சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாலுவின் கழுத்து வியர்த்திருந்தது. "பயமா இருந்தா வேணாம்டி" என்றேன். "இல்ல சித்தி" என்றாள். கீழே மாமா நடுத்தெருவில் காலை அகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் சாலையில் லாரி ஒன்று போனது, அதை ஒட்டியே இன்னொன்று. விட்டேன்.

முதலில் மெதுவாகத்தான் போனாள். மாமா கையைத் தூக்கினார். சைக்கிள் நிற்கவில்லை. "பிடி, பிடி" என்று கத்தினார். சைக்கிள் வேகமெடுத்தது. அவள் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்தன.  செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினேன். பாவி, ஏன் கையை விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். எட்டவே இல்லை.

மாமா ஒதுங்கவில்லை. நேரே வந்த சைக்கிளைக் காலால் தடுத்து, பிள்ளையை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தார். அவர் தலைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருந்திருக்காது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

மாமாவின் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது, வாலுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இருவரும் எழுந்திருப்பதற்குள் அக்கா தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளையின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள், எலும்பு சரியாக இருந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"பிரேக் இல்லையா இதுல?"

மாமா பேசுவதற்குள் வாலு முந்திக்கொண்டாள். "பிரேக் நல்லா இருக்கும்மா. நான்தான் பிடிக்க மறந்துட்டேன்."

"பார்த்தியா" என்றார் மாமா. மூச்சு இன்னும் வாங்கியது. "வண்டியில ஒண்ணும் இல்ல. பழக்கம்தான் பத்தல. நாளைக்குத் திரும்ப இறக்கத்துல விட்டுப் பழக்கணும்."

வாலு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போய்ச் சிராய்ப்பைக் கழுவினேன். மற்ற கையைத் தண்ணீருக்குள் நீட்ட மறுத்தாள். பிரித்துப் பார்த்தேன். நான்கு விரல் நுனியிலும் சிவப்பாக ஒரு கோடு, லீவர் பதிந்த கோடு. ஒரு நகத்துக்கடியில் ரத்தம் கட்டியிருந்தது. மறந்தவள் கையா இது? உயிரைக் கொடுத்து அழுத்தியிருக்கிறாள். விரல் அதற்கு மேல் எட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மாமா முன்னால் அந்தக் கையை விரித்துக் காட்டினேன். "ஊர்ல ஓடற வண்டியையெல்லாம் சந்தேகப்படுவீங்களே மாமா, இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். விரல் நுனிகளைத் தன் கட்டைவிரலால் தடவினார். 

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்ப்பா. அது வரவே இல்ல." குரல் உடைந்தது. "சொன்னா அம்மா சைக்கிளை வெளியே போட்டுடும்."

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இவ மறக்கல. கடையில நல்லாத்தான் குடுத்தாங்க. நான்தான் முறுக்கிக் கெடுத்தேன். நாளைக்கும் விட்டிருப்பேன்."

போச்சு, சைக்கிள் தெருவுக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன். அக்கா ஸ்பேனரை எடுத்து வந்து மாமா முன்னால் போட்டாள். "சரி பண்ணுங்க. என் கண்ணு முன்னாடி."

மாமா சைக்கிளை உள்ளே கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார்.  லீவரை உள்ளே கொண்டுவந்து, கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார். "இப்ப?" "இல்லப்பா." இன்னும் கொஞ்சம். "இப்ப?" வாலு வலிக்காத கையால் இரண்டு விரலை மட்டும் மடக்கினாள். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது.

மாமாவும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அவர் கைக்கு அது செத்த பிரேக். இப்படி ஒரு பேருந்து வந்திருந்தால் கேட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டார். கை தானாகவே ஸ்பேனர் பக்கம் போனது.

"முறுக்கிடாதீங்கப்பா" என்றாள் வாலு. "அப்புறம் நான் திரும்பவும் மறந்துட்டேன்னு சொல்லணும்."

மாமா ஸ்பேனரை எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டார்.