தம்பானூரில் காத்திருந்த கோமு

நம்ம திருவனந்தபுரத்தில் படம் வரைகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

இன்று மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்துவிட்டேன். ஆயிரம் படமாவது இருக்கும். டில்லி, பம்பாய் எல்லாம் பார்த்தவன் நான், அங்கேகூட இப்படிக் கிடையாது. இளசுகளுக்கு ஹால் வாடகையே இல்லையாம், உட்கார்ந்து வரைய அறையும் இலவசமாம்.

உள்ளே ஒரு சுவரில் என் சம்சாரம் கோமு.

போன வருஷம் தவறிப்போன அதே கோமு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இளசுகள் அங்கே போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களை வரைவார்களாம்.

படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் பரிசு போலிருக்கிறது என்று, அங்கே நின்ற அத்தனை பேரிடமும் "என் வீட்டுக்காரியாக்கும்!" என்று சொல்லிவிட்டேன்.

வரைந்த பெண் ஓடி வந்தாள். "ஐயோ அங்கிள், அது விற்றுப் போச்சு. பொட்டு அதுக்காக்கும். போட்டோ உண்டெங்கில் தாங்கோ, வேற வரைஞ்சு தரேன்."

போட்டோவுக்கா பஞ்சம்? எல்லாவற்றிலும் கேமராவைப் பார்க்கிறாள். இதில் நான் வருகிற வழியைப் பார்க்கிறாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும்தான் திட்டத் தொடங்கிவிடுவாளே.

வாங்கியவர் யாரானாலும் சரி, திருப்பிக் கேட்க மாட்டேன். வாசலைப் பார்த்து மாட்டுங்கள். ஒரு நாள் காப்பிக்குக் கூப்பிடுங்கள், லேட்டாக வரமாட்டேன்.