வராண்டா வகுப்பு

இரண்டு காதுகளையும் சுட்டுவிரலால் அடைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார் ஜலஜா. எதிரே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை ஒரே குரலாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய மாநகராட்சிப் பள்ளி. ஜன்னல் வழியாகக் கடல் காற்றும் மீன் வாடையும் சேர்ந்தே வரும்.

"டீச்சர், அந்தம்மாவுக்கு காது நோவுதாம்" என்று ஒருவன் சொல்ல, முன்வரிசை சிரிக்கிறது. ஜலஜா விரலை எடுப்பதில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிக்கத் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். சத்தத்தை அடைத்துவிட்டால் உதடுகள் மட்டும் மிஞ்சும். சில உதடுகள் பக்கத்து உதட்டைப் பார்த்துச் சற்றே பின்தங்கி அசையும். அந்தப் பின்தங்கலைத் தேடித்தான் அவர் மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து வெயிலில் நடந்து வருகிறார்.

அடையாற்றில் ஒரு தனியார் பள்ளியில் பல வருஷம் ஆசிரியையாக இருந்தவர். இப்போது ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. மாநகராட்சியின் கல்வி அலுவலகம் அந்த அறக்கட்டளையிடம் ஓர் உதவி கேட்டிருந்தது. படிப்பில் தடுமாறும் பிள்ளைகளை முதல் இரண்டு வகுப்புகளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். கைகொடுக்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பழக்கிவிட வேண்டும். "அஞ்சாங்கிளாஸ்ல வந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை" என்பார் ஜலஜா. "அதுக்குள்ள குழந்தைக்கே தனக்கு வராதுன்னு தீர்மானம் ஆயிடறது. அப்புறம் எழுத்தையா சொல்லித்தர முடியும்? அந்தத் தீர்மானத்தோடன்னா சண்டை போடணும்!"

கொஞ்சிப் பேச அவருக்கு வராது. ஒரு பிள்ளை திக்கித் திணறி ஒரு சொல்லைப் படித்து முடித்துவிட்டு முகத்தைப் பார்க்கும். "ம், அடுத்தது?" என்பார். எழுத்து அட்டைகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்வார். பின்பக்கம் அவர் எழுதிய எழுத்து இருக்கும். முன்பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிப் பெயர் இருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டைவிடப் பத்திரிகையின் கனத்தைத்தான் முதலில் விசாரிப்பார். "நொச்சிக்குப்பத்துலயே உனக்கு ஒரு ரேஷன் கார்டு வாங்கிடலாமா?" என்று கணவர் பரத்வாஜ் சீண்டுவார். "வாங்குங்கோ, அங்க கியூ கம்மி" என்று பதில் வரும்.

கண்டுபிடித்த பிள்ளைகளைக் காலையில் ஒரு மணி நேரம் வராண்டாவில் பாய் விரித்துத் தனியே உட்காரவைப்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. பலனும் தெரிந்தது. கல்வி அலுவலகத்தில் இதைக் கவனித்துவந்த அதிகாரி கங்காதரனுக்கு மகிழ்ச்சி. மற்றப் பள்ளிகளிலும் தொடங்க விரும்பினார்.

"நல்லா நடக்குது மேடம். ஒரு பேரு மட்டும் குடுங்க. பேரு இல்லாம ஃபைல் நகராது."

ஜலஜா இரண்டு நாள் யோசித்து, எவர் மனமும் நோகாத பெயர் என்று நம்பி, 'மெல்லக் கற்போர் வகுப்பு' என்று சொன்னார். ஃபைல் நகர்ந்தது. நீல நிறத்தில் பெயர்ப்பலகையும் எழுதி வந்து வராண்டாச் சுவரில் ஏறியது.

அமலி அந்தப் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருத்தி. கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கும் ஜெசிந்தாவின் மகள். முதல் நாட்களில் அட்டையைப் பார்க்கவே மாட்டாள். பார்ப்பவரின் முகத்தில் பதிலைத் தேடுவாள். ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, கைப்பம்பு மேல் எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவிப் படித்தாள். அன்று ஜலஜா, "ம், அடுத்தது?" என்று கேட்க மறந்துபோனார். அதற்கடுத்த வாரம் அமலி பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தேடிக்கொண்டு போனபோது, அமலி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அரிவாள்மணையிலிருந்து தலை தூக்கவில்லை.

"இன்னாமா, மீனு வோணுமா? நீங்கதான் துன்ன மாட்டீங்களே."

"அமலி ஏன் வரலை ஜெசிந்தா?"

"வர மாட்டா. அவளுக்கு இன்னா கொறச்சல்? நண்டைத் திருப்பிப் பாத்து ஆணா பொண்ணான்னு சொல்லிடுவா. அவளைப் போயி லூசு கிளாஸுன்றானுங்க. தண்ணி புடிக்கிற கொயாயாண்ட சண்ட வந்தா, உம் பொண்ணு லூசு கிளாஸ்லதானே கீதுன்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்குறாளுங்க."

"அப்படி யாரும் சொல்லலை. கொஞ்சம் பின்தங்கியிருக்கா, இப்பவே பார்த்துண்டா சரியாயிடும்னுதான்..."

"யாரும் சொல்லலியா?" இப்போது ஜெசிந்தா நிமிர்ந்தார். "செவுத்துல பெரிசா எய்தி மாட்டிக்கினு யாரும் சொல்லலன்ற. நான் படிக்காதவதான். படிச்சி சொல்றதுக்குத் தெருவுல ஆளா இல்ல? ஒண்ணு கேக்குறேன், சொல்லு. உம் பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னா, இப்டித்தான் வராண்டாவுல குந்தவச்சி போர்டு மாட்டுவியா?"

அமலி மீனை விட்டுவிட்டு ஜலஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜலஜாவின் மகள் வர்ஷினிக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வராது. மாலை வேளைகளில் தியாகராய நகரில் ஒருவரிடம் படிக்கப் போகிறாள். ஆத்துக்கு யார் வந்தாலும், "வர்ஷினி டியூஷன் போயிருக்கா" என்று சொல்வதில் ஒரு பெருமைகூட உண்டு. அதே தடுமாற்றம், அதே உதவி. மாட வீதியில் அதற்கு டியூஷன் என்று பேர். குப்பத்தில் அதற்கு ஒரு பலகை மாட்டியாகிவிட்டது, அதன் வாசகமும் ஜலஜா கொடுத்ததுதான். ஜலஜா திரும்பி நடந்தார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. குறையைப் பார்க்காமல் உதவ முடியாது. ஆனால் பார்த்த கண் பார்த்ததோடு நிற்பதில்லை. எதைப் பார்த்தோம் என்று நாலு பேருக்குச் சொல்லவும் சொல்கிறது. பார்ப்பதற்கும் சுட்டிக் காட்டுவதற்கும் நடுவே ஒருவர் எங்கே நின்றுகொள்வது? மயிலாப்பூர்க் குளக்கரை வரும்வரை அதற்கு விடை வரவில்லை. பிறகும் வந்ததாகச் சொல்ல முடியாது.

மறுநாள் கங்காதரனிடம் போய்ப் பலகையைக் கழற்றச் சொன்னார். மனிதர் அதிர்ந்துபோனார். நல்லவர்தான்.

"போர்டு இல்லன்னா இப்படி ஒரு வகுப்பே இல்லன்னு ஆயிடும் மேடம். நாளைக்கு மேலேருந்து வந்து எங்கேன்னு கேட்டா நான் எதைக் காட்டுறது?"

"ஃபைல்ல இருக்கட்டும் சார். சுவத்துல வேண்டாம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "சரி, பெயின்ட் அடிக்கக் கழட்டினதா சொல்லிக்கிறேன்" என்றார்.

பலகை போனால் மட்டும் போதாது. பாயில் யார் உட்காருகிறார்கள் என்பதைத் தெரு பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து வராண்டாவுக்கு வர வேண்டும் என்றார் ஜலஜா. தடுமாறும் பிள்ளைக்கு முறை சற்று அடிக்கடி வரும், அவ்வளவுதான். வகுப்பாசிரியை மேகலாவுக்கு இது பிடிக்கவில்லை.

"நல்லாப் படிக்கிறதுங்களையும் கூட்டிவந்து உக்காரவெச்சா, வேணுங்கற பிள்ளைக்கு நேரம் பாதியாப் போயிடுமே மேடம்?"

"போகும்."

"அப்புறம்?"

"வராத குழந்தைக்கு முழு நேரத்தை வச்சிண்டு என்ன பண்றது மேகலா?"

மேகலா சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில பிள்ளைகளின் முன்னேற்றம் அந்த மாதம் கண்ணெதிரே தேங்கியது. ஜலஜா அதையும் பார்த்தார். சமாதானம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜெசிந்தாவுக்கு மேகலா இரண்டுமுறை ஆள் அனுப்பியிருந்தார். பதில் இல்லை. ஒரு காலையில் இடுப்பில் மீன் வைத்த அன்னக்கூடையுடன் ஜெசிந்தாவே வந்து பள்ளிக் கேட்டருகில் நின்றார். இன்னொரு கை அமலியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. உள்ளே வரவில்லை. முதலில் சுவரைப் பார்த்தார். அங்கே இரண்டு ஆணிகள்தான் இருந்தன. பிறகு பாயைப் பார்த்தார். அதில் வகுப்பு லீடர் பிரசாத் உட்கார்ந்திருந்தான். குப்பத்தில் எந்தப் பிள்ளையைத் திட்டினாலும் அவனைக் காட்டித்தான் திட்டுவார்கள்.

"டேய் பிரசாத்து, நீ இன்னாடா இங்க குந்திகினுகீற?"

"இன்னிக்கு என் மொற அத்தே."

"உனுக்குமா?"

"எல்லாருக்குந்தான். இங்க வந்துட்டா உள்ள வாய்ப்பாடு ஒப்பிக்க வோணாம்."

ஜெசிந்தா அவனையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டார். அமலியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அமலி செருப்பைக் கழற்றிவிட்டு, வராண்டாப் படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

ஜலஜாவுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. பிரசாத்தின் கையிலிருந்த அட்டையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, பாயில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.