ஒரு தலை கூடுதல்

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே கண்டக்டர் அக்கா பேருந்தின் பின்னாலிருந்து முன்னால் வருகிறார். விரல் நீட்டுவதில்லை. முகவாய்தான் லேசாக ஏறி இறங்குகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் முதலில், நிற்பவர்கள் கடைசியில். மடியில் இருக்கும் குழந்தைகள் கணக்கில் சேராது. பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். அதற்குள் தலைகளும் கொடுத்த டிக்கெட்டுகளும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போய்விட்டால் விசிலைச் சின்னதாக ஒருமுறை ஊதிக்கொள்வார். அந்த விசில் டிரைவருக்கு அல்ல. அவருக்கே.

வயது நாற்பத்து நான்கு. வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. கூட்டத்தில் குரலை உயர்த்தாமலே ஆளை நகர்த்திவிடுவார். "தம்பி, உள்ள மைதானமே கிடக்கு. நீங்க ஏன் வாசல்ல காவல் காக்கறீங்க?" என்பார். தம்பி நகர்ந்துவிடுவான். இடது கையில் டிக்கெட் கட்டைப் பிடித்து, கட்டைவிரலாலேயே மேல்நோக்கிக் கிழித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாகக் கிழித்த விரல் அது. அதனால் எந்தக் காகிதமும் அவர் கையில் முழுசாக இருக்காது. யோசனையில் இருந்தால் செய்தித்தாளின் மூலை போகும், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் மூலை போகும். அக்கா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அவருடைய மகள் தன் நோட்டுகளை ஒளித்துவைக்கிறாளாம்.

இனி நின்றுகொண்டே வேலை பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டிப்போவில் நேரக் காப்பாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. நாற்காலியும் மேசையும் உள்ள வேலை. அதற்குப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு வருடக் கடைசியில் நாற்பத்தைந்து முடிகிறது. மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள், தமிழ் இரண்டாம் தாள். அதிலும் அவர் காலை வாரிவிட்டது ஒரே கேள்வி. துணைப்பாடத்தில் இரண்டு பேய்க்கதைகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டு இருபது மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். நானும் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், தினமும் அதே பேருந்தில் போய் வந்தேன். அதனால் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும்.

முதல் கதையில் ஒரு பணக்காரர் ஊருக்கு வெளியே பழைய பங்களா ஒன்றை வாங்குகிறார். முதல் வரியிலேயே மழை. அப்புறம் மின்னல், நாய் ஊளை, வௌவால், தானாக அணையும் விளக்கு. ஆறாம் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி மாடிப்படி இறங்கி வருகிறாள். அவள் கால் படியில் படவில்லை.

இரண்டாவது கதையில் தட்டச்சு வேலை பார்க்கும் ஒரு பெண் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். வேலை முடிந்து அவள் வரும்போதெல்லாம் அறையில் ஏதாவது ஒன்று சரியாகியிருக்கிறது. ஒருநாள் சொட்டிக்கொண்டிருந்த குழாய் மூடியிருக்கிறது. ஒருநாள் மூலையில் போட்டுவிட்டுப் போன ஈரக்குடை விரிந்து காய்கிறது. கடைசியில் காய்ச்சலில் கிடப்பவள் ஆளில்லாத அறையில் தண்ணீர் கேட்டு முனகுகிறாள், கையை நீட்டுகிறாள். "டம்ளர் குளிர்ந்திருந்தது" என்று கதை முடிகிறது.

முதல் தடவை தேர்வு எழுதியபோது அக்கா, "முதல் கதையில் பேய் உள்ளது. இரண்டாம் கதையில் பேய் இல்லை" என்று எழுதினார். பக்கம் காலியாக இருக்கிறதே என்று அதையே இன்னொரு முறை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்தார். பதற்றத்தில் கதைகள் கலந்துவிட்டன. "வெள்ளைச் சேலைக்காரியைக் கூட்டிட்டு வந்து குடையைக் காயப்போட வெச்சுட்டேன் பாப்பா" என்று அவரே சொன்னார். மூன்றாம் தடவை, அவரை விடுவிக்க வேண்டிய கண்டக்டர் வராததால் தேர்வுக்கே போக முடியவில்லை. இது நான்காவது. வயதுக் கணக்கில் இதுதான் கடைசி.

பேருந்து கடைசி நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்கும். டிரைவர் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் கதையைச் சத்தமாக வாசிப்பார். மின்னல் வரும் இடத்தில் கதவைத் தட்டுவார். அவருக்கு அந்தக் கதைதான் கதை.

"பேய்னா இப்படி வரணும் தங்கச்சி. இன்னொண்ணு என்ன, வேலைக்காரப் பேயா?"

"அப்படி ஒண்ணு இருந்தா என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கண்ணா. பாத்திரம் குவிஞ்சு கிடக்கு."

"நீ அதுக்கும் டிக்கெட் கிழிச்சிருவே."

நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, வருணனை, சூழல், குறிப்பால் உணர்த்துதல் என்று அக்காவுக்கு விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தபோது என் புத்தகத்தின் அட்டை மூலை காணாமல் போயிருந்தது. "நீ சொல்றதெல்லாம் சரிதான் பாப்பா. ஆனா அந்த ரெண்டாவது கதையில எனக்குப் பயமே வரலையே. வராத பயத்தை எப்படி எழுதறது?" என்றார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பயம் வந்தது. மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா எண்ணிக்கொண்டு வந்தார். டிக்கெட் நாற்பத்தொன்று, தலை நாற்பத்திரண்டு. திரும்பப் பின்னால் போய் எண்ணினார். நாற்பத்திரண்டு. "டிக்கெட்டை எல்லாரும் கொஞ்சம் கையில எடுங்க" என்றார். எல்லாருடைய கையிலும் டிக்கெட் இருந்தது. மூன்றாம் முறையும் எண்ணினார். நாற்பத்திரண்டு. ஒரு பெரியவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், ஒருத்தி கைப்பேசியில் யாரிடமோ காய்கறி விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய முன்கையில் மயிர் குத்திட்டு நிற்பதை நான் பார்த்தேன்.

பேருந்து பிரேக் போட்டுக் குலுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. வருடக்கணக்கில் அழுக்கேறிக் கிடந்த அதை அன்று காலைதான் டிப்போவில் துடைத்திருந்தார்கள். நிற்கிறவர்களின் தோள்களுக்கு நடுவே அதில் ஒரு முகம் தெரிந்தது. அக்காவின் முகம். நிற்பவர்களை எண்ணும்போது மூன்று முறையும் தன்னையே சேர்த்து எண்ணியிருக்கிறார்.

படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என்ன ஆச்சு?" என்று டிரைவர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இப்போ புரியுது. இடி இல்ல, மழை இல்ல, நாய் இல்ல. வெயில் அடிக்குது, பக்கத்துல ஒருத்தி காய்கறி விலை பேசறா. கணக்குல மட்டும் ஒண்ணு கூடுது. எனக்கு நிஜமாவே பயம் வந்துருச்சு. அந்தப் பொண்ணுக்கும் இதானே நடக்குது? எல்லாம் எப்பவும் போல இருக்கு, குடை மட்டும் விரிஞ்சிருக்கு."

"அப்போ முதல் கதை மோசமா?" என்று டிரைவர் அண்ணன் கொஞ்சம் வருத்தமாகக் கேட்டார்.

"மோசம்னு யார் சொன்னா? நெரிசல்ல கத்தினாத்தான்ணா கேக்கும். அது எல்லாரும் ஒண்ணா உக்காந்து பயப்படறதுக்கான கதை. அதான் அந்தப் பேய் முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வருது. இது தனியாப் பயப்படறதுக்கான கதை. இந்தப் பேய் எந்த ஸ்டாப்புல ஏறிச்சுன்னே தெரியாது." சற்று யோசித்துவிட்டு, "பயமும் முழுசாப் பயம் இல்ல. பங்களா பேய் ஆளை வெளிய துரத்தப் பாக்குது. இது அவளை விட்டுட்டு இருக்க முடியாம கூடவே இருக்கு" என்றார். என் நோட்டில் நான் எழுதிவைத்திருந்த பதிலைவிட அது நன்றாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் என் பதிலை அடித்துவிட்டேன்.

தேர்வுக்குச் சீருடையிலேயே வந்தார். முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இடம். இருபது மதிப்பெண் கேள்வி அதேதான். அவர் நிமிரவே இல்லை. கூடுதல் தாள் ஒன்று வாங்கினார். அதன் மேல்மூலையில் பதிவு எண்ணை எழுதினார், மளமளவென்று எழுத ஆரம்பித்தார். பின்னாலிருந்து பார்த்தபோது முகவாய் ஏறி இறங்குவது தெரிந்தது. பயணிகளை எண்ணுவதுபோல வரிகளை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். விசிலை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டவருக்கு ஒரு காகிதத் துண்டு கிடைத்தது. மேல்நோக்கிக் கிழித்த, நகம் அளவு அகலமும் விரல் அளவு நீளமும் உள்ள துண்டு. அதில் ஏழு இலக்கம். அவர் கையெழுத்து. கூடுதல் தாளின் பதிவு எண்.

திரும்ப ஓடினார். அந்த முழங்காலோடு அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கண்காணிப்பு டீச்சர் விடைத்தாள் கட்டுக்கு அரக்கு வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"அரக்கு வெச்சாச்சேம்மா. இனிமே நானே தொட முடியாது."

"மேடம், கூடுதல் தாள்ல நம்பர் இல்லை. நம்பர் என்கிட்ட இருக்கு."

"நூல்ல கட்டினீங்களா?"

"கட்டினேன். இறுக்கிக் கட்டினேனான்னு தெரியல."

"நூல் நின்னா உங்க தாள். அவிழ்ந்துட்டா யாரோட தாளும் இல்ல. மூலை கிழிஞ்சிருந்தா, அடையாளம் வெச்சதாவும் சிலர் நினைப்பாங்க." டீச்சர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா கிழிச்சீங்க?"

"நான் கிழிக்கல மேடம். கை கிழிச்சிருக்கு."

முடிவு வர ஏழு வாரம் ஆனது. அக்கா அந்தத் துண்டை அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டார். வேலையில் குறை இல்லை. ஆனால் கணக்கு ஒத்துப்போன பிறகு ஊதும் விசில் நின்றுவிட்டது. ஒருநாள் டிரைவர் அண்ணன் சும்மா இருக்க மாட்டாமல், "உன் பதில் இப்போ ஆளில்லாம அலையுது தங்கச்சி. பங்களா பேய் மாதிரியா, குடைப் பேய் மாதிரியா?" என்று கேட்டார். நான் அவரை முறைத்தேன். அக்கா கோபப்படவில்லை. "குடைப் பேய் இருக்கற எடமா இருந்தா, யாராவது அதை எடுத்து ஒழுங்கா வெச்சிருப்பாங்கண்ணா" என்றார்.

முடிவு வந்தபோது பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. கைப்பேசியை அக்கா என்னிடம் கொடுத்து, நீயே பார் என்றார். உறையிலிருந்து துண்டை எடுத்து எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். தமிழ் இரண்டாம் தாள், நாற்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் போதும்.

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன். நாற்பத்தாறுதான். மூன்றாம் முறையும் பார்க்கச் சொன்னார். அப்போதும் அதேதான்.

அவர் மெதுவாகக் கணக்குப் போட்டார். "அந்த இருபதை விட்டுட்டா நான் முப்பதைத் தாண்ட மாட்டேன் பாப்பா. அப்போ அந்தத் தாளையும் திருத்தியிருக்காங்க. மூலை இல்லாத தாளைக் கையில எடுத்து, நூலைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, இது இவளோடதுதான்னு..." முடிக்காமல் மூச்சை நீளமாக விட்டார். ஏழு வாரமாக அடக்கிவைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. "யாருன்னே தெரியாத ஒருத்தர் என் குடையை விரிச்சு வெச்சிருக்காங்க" என்றார். டிரைவர் அண்ணன் போய் ஹாரனை நீளமாக அடித்தார். எதிரில் நின்றிருந்த ஆட்டோக்காரர் காரணம் தெரியாமலே ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவருக்கு நாற்காலி. அதுவரை பேருந்துதான். நேற்று மதியமும் பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் வருமுன் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். டிக்கெட் முப்பத்தாறு, தலையும் முப்பத்தாறு. முன்னால் வந்து கண்ணாடித் தடுப்பின் எதிரே நின்றார். முகவாய் இன்னும் ஒருமுறை ஏறி இறங்கியது. அட்டை உறையிலிருந்து அந்தக் கிழிந்த துண்டை எடுத்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே, அதில் தெரிந்த தன் முகத்துக்குப் பக்கத்தில் செருகினார். பிறகு விசிலைச் சின்னதாக ஒருமுறை ஊதிக்கொண்டார்.