நெட்டைக் கிளை

முட்டுக்காட்டில் நான் செடி நர்சரி வைத்திருந்த நாட்களில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசும் ஒருவர் வருவார். கல்பாக்கத்தில் உத்தியோகம். நம் உப்புக்காற்றுக்கு ஆகாது என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லியும், ஊட்டியிலிருந்து வந்திருந்த குள்ள ஸ்ப்ரூஸ் செடியை வாங்கிப்போய் ஏசி அறையில் வைத்தார். பார்க்க முழங்கால் உயரக் கிறிஸ்துமஸ் மரம்.

ஒருநாள் தொட்டியோடு வந்து கத்தினார். “ஏமாத்திட்டீங்க! ஒரு கிளை மட்டும் நெட்டையா வளருது பாருங்க!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இதுல ஏமாத்த இன்னா சார் கீது? குளிர் நாட்ல ஒரு நெட்டை மரத்துல ஒரே ஒரு கிளை குட்டையா நின்னுச்சாம். அத்த வெட்டி ஒட்டுக்கட்டித்தான் இந்த வகையே வந்துச்சு. எப்பவாச்சும் ஒரு கிளை பழையபடி நெட்டையா கிளம்பும். வெட்டி வுட்டா சரியாப் பூடும்.”

கத்தரியை எடுத்தேன். அவர் சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றி அந்தக் கிளைக்கு மறைப்பாகப் பிடித்தார். அன்றுதான் அவருடைய வழுக்கைத் தலையையே பார்த்தேன்.

“அதோட நிஜ உயரம் இதுதானே? வெட்டறதுக்கு நீங்க யாரு?”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்று நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. குள்ளமாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். வெட்டுகிறவன் என்ற பழி மட்டும் எனக்கா?