கொக்கிக்குப் பொட்டு வைத்த கை

கிரேனுக்குப் போட வாங்கிய சாமந்தி மாலையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார் மாமா. என் அக்கா பத்தடி பின்னால், இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற முகத்தோடு வந்தாள். ஆயுத பூஜை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நடைதான்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கடம்பத்தூர்க்காரர். நானும் அவரும் ஒரே இரும்புக் கம்பெனி; நான் பேக்கிங், அவர் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே, உலையின் அனல் மொத்தமும் ஏறி வரும் கேபினில் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குவார். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் அதையும் அவரே பார்ப்பார். அப்படிப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமையிலும் படுக்கமாட்டார். கறி வாங்கி வந்து, தானே பிரியாணிக்குத் தம் போட்டு, தம் உடைக்கிறவரை பிள்ளைகளோடு கேரம் ஆடுவார். தோற்கிற மாதிரி இருந்தால் சிவப்புக் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடுவார். கொஞ்சம் தூங்கக்கூடாதா என்று அக்கா திட்டினால், "வேலைக்குத்தான்டி ஷிப்டு. சிரிக்கறதுக்கு இன்னா ஷிப்டு?" என்பார். இதை இப்போது அவரைப் பார்த்தேயிராதவர்கள்கூட எங்கள் பக்கம் சொல்கிறார்கள்.

வருஷத்தில் ஆயுத பூஜை ஒரு நாள்தான் குடும்பத்தோடு கம்பெனி கேட்டுக்குள் போகலாம். முன்பெல்லாம் எல்லா மிஷினுக்கும் ஆபீசர் ஒருவரே பொட்டு வைத்துக்கொண்டு போவார். மாமாதான் அதை மாற்றினார். "சார், இந்த வண்டி எனக்குச் சோறு போடுது. அத ஆக்கிப் போடறது இவ. இவ கையால வைக்கட்டும்" என்று அக்காவை முன்னால் தள்ளிவிட்டு மேலே ஏறினார். அந்தப் பெரிய கொக்கியை அவள் முகத்துக்கு நேராகப் பூப்போல இறக்கி நிறுத்தினார். அக்கா வெட்கத்தோடு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அடுத்த வருஷத்திலிருந்து, எந்த மிஷினாக இருந்தாலும் அதை ஓட்டுகிறவரின் மனைவி கையால்தான் பொட்டு.

போன தையில் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. பெரும்பாலும் யாரும் கூப்பிடவுமில்லை. இந்த ஆயுத பூஜைக்குக் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். அப்பா ஓட்டிய வண்டியைப் பார்க்கணும் என்று பிள்ளைகள் நின்றதால்தான் கிளம்பினாள். ஷெட் வாசலைத் தாண்டமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்னபடியே வாசல் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். இன்றைக்கு ஒதுங்கி நின்றாளானால் இனி எங்கேயும் ஒதுங்கித்தான் நிற்பாள்.

புது ஆபரேட்டர் மேலிருந்து கொக்கியை இறக்கினார். பொட்டு வைக்கவேண்டியது அவர் மனைவி. சின்னப் பெண். தட்டை எடுத்துக்கொண்டு கொக்கியிடம் போகாமல் நேராக வாசலுக்கு வந்தாள்.

"நீங்க வைங்க அண்ணி."

"வேணாம்மா. நல்ல நாளும் அதுவுமா நான் எதுக்கு?"

"அந்த வண்டிக்கு உங்க கைதான் பழக்கம். நீங்க வெச்சாதான் எறங்குவேன்னு எங்க ஊட்டுக்காரரு மேல குந்திகினு கீறாரு."

அண்ணாந்து பார்த்தோம். கேபினில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் நின்றது. பின்னால் யாரோ ஒரு அம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது; அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே நடந்தாள். கொக்கிக்கு மஞ்சள் தடவினாள். குங்குமம் வைத்தாள், கொஞ்சம் பெரிதாகவே.

திரும்பினால் அந்தப் பெண் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். "எனக்கும் அண்ணி."

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு வைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் லேத்துக்காரர் மனைவி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசை ஷெட் வாசல்வரை போனது. மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கும் மேலே, மாமா போனபிறகு நான் கேட்டேயிராத பெரிய குரலில், அக்கா அதட்டினாள்:

"குங்குமம் தீந்துபோச்சி. யாருனா இன்னொரு பாக்கெட்டு எடுத்துக்கினு வாங்கடி."